குச்சியும் பெயரும்

ரோஜாவைப் பற்றி எழுத இந்தப் பக்கங்களில் இடமுண்டா என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். தமிழில் ரோஜாவைப் போல் சீரழிக்கப்பட்ட பூ வேறில்லை. வாழ்த்து அட்டை, சினிமாப் பாட்டு, காதலர் தினம், நேருவின் சட்டை என்று எல்லாமாகச் சேர்ந்து அதை ஒரு பூவாகப் பார்க்க முடியாதபடி செய்துவிட்டன. பி.ஏ. ஆங்கிலம் படித்த எனக்கு இன்னொரு சிரமமும் உண்டு. ப்ளேக்கிலும் யேட்ஸிலும் வகுப்பறையில் அறிமுகமான ரோஜாக்கள் எல்லாம் குறியீடுகள். அவற்றுக்கு முள் உண்டு, கணு கிடையாது. ஒரு ரோஜாச் செடியின் கணு எங்கே இருக்கிறது, அதற்கு எத்தனை விரற்கடை கீழே வெட்ட வேண்டும் என்பதையெல்லாம் முப்பது வயதுக்கு மேல், கொல்லிமலையில் வங்கி வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

சங்கக் கவிதையில் ரோஜா இல்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறார், அதில் இல்லை. அந்தப் பூக்களில் எது இன்றைய எந்தச் செடி என்று பொருத்திப் பார்க்கும் வேலையை பி. எல். சாமி போன்றவர்கள் பொறுமையாகச் செய்திருக்கிறார்கள். இருந்தும் சில பெயர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் இன்றும் சொல்லப்படுகின்றன. அங்கே பெயர் பத்திரமாக இருக்கிறது, செடிதான் கை நழுவிவிட்டது. நான் சொல்ல வந்த விஷயம் இதற்கு நேர்மாறானது. செடி இருக்கிறது, பெயர் இல்லை. பெயர் இல்லாமலே அது தலைமுறை தலைமுறையாகக் கை மாறி வந்திருக்கிறது. விமர்சனம் என்ற பெயரில் நாம் செய்துகொண்டிருக்கும் காரியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் மலை இது. செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. அரப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாயகங்கைக்கும் வருகிற கூட்டம் அன்னாசியும் மிளகும் வாங்கிக்கொண்டு அன்றே இறங்கிவிடும். ஊருக்குள் போனால் ஓட்டு வீடுகள். வாசலில் கல் தொட்டி. பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில் வாழை, பக்கத்தில் கறிவேப்பிலை. அப்படி ஒரு வாசலில்தான் அந்த ரோஜாப் புதரைப் பார்த்தேன். இடுப்புயரம். அடர்ந்த இளஞ்சிவப்பில், கொத்துக் கொத்தாக, இதழ்கள் நெருக்கமாக அடுக்கிய சின்னப் பூக்கள். காம்பு குட்டை, ஜாடியில் வைக்க உதவாது. பறித்துக் கையில் வைத்திருந்தால் மத்தியானத்துக்குள் இதழ் உதிர்ந்துவிடும். வாசனை மட்டும் தெரு முனைவரை.

வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல். எங்கள் கிளையில் முதியோர் உதவித்தொகைக் கணக்கு வைத்திருப்பவர்.

“இந்தப் பூவுக்கு என்ன பேருங்க ஆயா?”

“ரோசாதான் சார். வேற என்ன பேரு?”

“எங்கிருந்து வந்தது?”

“எங்கம்மா ஊட்ல இருந்து நான் குச்சி ஒடிச்சிட்டு வந்தது. கண்ணாலம் ஆயி வர்றப்ப. அவங்களுக்கு ஆரு குடுத்தாங்களோ.”

கீழே சமவெளியில் இதற்குப் பன்னீர் ரோஜா என்று பெயர். நிலக்கோட்டைப் பக்கம் ஏக்கர் கணக்கில் மாலைக்காகப் பயிராகிறது. இதில் பன்னீர் என்பது வாசனையைச் சொல்கிறதே தவிர செடியைச் சொல்வதில்லை. திருச்செந்தூரில் விபூதி மடித்துத் தரும் பன்னீர் இலை வேறொரு மரத்தினுடையது. ரோஜா என்பதும் நம் சொல் அல்ல. தனித்தமிழ் ஆர்வலர்கள் சிலர் ‘முளரி’ என்கிறார்கள்; பழைய நூல்களில் அந்தச் சொல் தாமரையையும் குறிக்கிறது. ஆக, வாசலில் நிற்கிற செடியை நோக்கி மூன்று நான்கு சொற்கள் வீசப்பட்டிருக்கின்றன. எதுவும் அதன்மேல் ஒட்டவில்லை.

அடையாளம் காண்பது என் தொழிலின் ஒரு பகுதி. ரேஷன் கார்டில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து, பாஸ்புக்கில் மூன்றாவது எழுத்து என்று பெயர் சிதறிக் கிடக்கும் ஒருவரை ‘இவர்தான் அவர்’ என்று நிரூபிப்பதில் பாதி நாள் போய்விடும். கையெழுத்துப் போடுபவர் என்றால் மாதிரிக் கையொப்ப அட்டையை எடுத்து ஒப்பிடுவோம். தாவரவியலிலும் இதே ஏற்பாடு இருப்பது பின்னால் தெரிந்தது. ஒரு இனத்துக்குப் பெயர் சூட்டும்போது, அந்தப் பெயருக்கு ஆதாரமாக உலர்த்தி ஒட்டிய ஒரு கிளையை எங்காவது ஒரு ஹெர்பேரியத்தில் வைத்துவிடுகிறார்கள். பிறகு சந்தேகம் வரும்போதெல்லாம் அந்தக் கிளைதான் மாதிரிக் கையொப்பம். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தில் இருந்துகொண்டு பாதிரியார் கே. எம். மேத்யூ தமிழகத்துத் தாவரங்களைத் தொகுத்ததும், பிறகு 1999ல் பழனிமலைத் தாவரங்களுக்குத் தனி நூல்கள் கொண்டுவந்ததும் இப்படி ஆயிரக்கணக்கான உலர்ந்த கிளைகளின் மேல் கட்டிய வேலைதான்.

தென்னிந்தியாவுக்கென்று ஒரு காட்டு ரோஜா உண்டு. நீலகிரியிலும் பழனிமலையிலும் உயரமான சோலைகளின் ஓரத்தில், மற்றச் செடிகளின்மேல் வளைந்த முட்களால் தொற்றி ஏறும். வெள்ளைப் பூ, ஐந்தே இதழ். 1816ல் புதுச்சேரி வந்து சேர்ந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷெனோவின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள்: ரோசா லெஷெனோல்டியானா. கொல்லி வாசலில் நின்றது அதுவாக இருக்குமோ என்ற ஆசை எனக்கு ஒரு வாரம் இருந்தது. மலை, பழைய குடி, காட்டுப் பூ என்று ஒரு கட்டுரைக்கு எல்லாம் கூடிவரும் அல்லவா? ஆனால் செடி நம் ஆசைக்கு வளையாது. காட்டு இனத்தின் பூவில் சூல்தண்டுகள் ஒன்றாக ஒட்டி ஒரு சிறு தூண்போல் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும்; இதில் அவை தனித்தனி. அதில் ஐந்து இதழ். இதில் எண்ண எண்ணக் குறையாத அடுக்கு. அது ஏறும், இது புதராக நிற்கும். வருஷம் முழுவதும் விட்டு விட்டுப் பூப்பதும் காட்டு ரோஜாவின் சுபாவம் அல்ல.

புத்தகங்களை வைத்துக்கொண்டு பார்த்தால் இது எட்வர்ட் ரோஜா. நர்சரிக்காரர்களும் விவசாயக் கல்லூரிக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள். எட்வர்ட் என்றால் நம்மவர் மனம் உடனே ஏதாவது ஒரு ஆங்கில மன்னரிடம் போகிறது. அதன் சரியான உச்சரிப்பு எத்வார், பிரெஞ்சுப் பெயர். மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள பூர்பான் தீவில், இன்றைய ரீயூனியனில், வேலிக்காக இரண்டு விதமான ரோஜாக்களை நடுவது வழக்கமாக இருந்தது. ஒன்று சீனத்திலிருந்து வந்தது, ஓயாமல் பூப்பது. மற்றது டமாஸ்க், வாசனைக்குப் பேர்போனது. இரண்டும் கலந்து வேலியில் தானாக முளைத்த செடிதான் இது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கதை. 1817ல் அந்தத் தீவுக்கு வந்த தாவரவியலாளர் ப்ரெயோன் அதைக் கவனித்தார். அதன் விதை பாரிஸுக்குப் போயிற்று. ஐரோப்பியத் தோட்டங்களில் பூர்பான் ரோஜாக்கள் என்று ஒரு வம்சமே அதிலிருந்து கிளைத்தது. தீவிலிருந்து இந்தியாவுக்கு வந்ததா, அல்லது கல்கத்தாவிலிருந்து தீவுக்குப் போனதா என்பதில் ரோஜா ஆய்வாளர்களிடையே இரண்டு கட்சி உண்டு. பெயர்கள் பொய் சொல்வது இங்கே சகஜம். 1753ல் லின்னேயஸ் ஒரு ரோஜாவுக்கு ‘இண்டிகா’ என்று பெயரிட்டார். அது சீனத்து ரோஜா. நம் நர்சரிகளில் அந்தப் பெயர் இன்றும் புழங்குகிறது.

கொல்லிமலை வாசலுக்கு அது எந்த வழியாக ஏறி வந்தது என்பதற்கு எழுத்தில் சான்று எதுவும் இல்லை. கையில் ஒரு குச்சியோடு யாரோ வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண உண்மையைச் சொல்ல வேண்டும். சாதாரணமானது என்பதாலேயே அதன் வியப்பு நமக்கு உறைப்பதில்லை. ரோஜா விதையில் வருவது பிள்ளை. குச்சியில் வருவது அதே ஆள். ரகமான ரோஜா எதன் விதையைப் போட்டாலும் தாயைப் போலவே இன்னொன்று கிடைக்காது. பழைய கலப்புகள் எல்லாம் பிரிந்து வேறொன்றாக முளைக்கும். குச்சி நட்டால் மாற்றம் இல்லை. அப்படியானால் ரீயூனியனின் வேலியில் நின்ற செடியும், நிலக்கோட்டை வயலில் நிற்பதும், இந்த ஆயாவின் வாசலில் நின்றதும் ஒரே செடி. இருநூறு வருஷத்து உடம்பு. ஹெர்பேரியத்தில் இருக்கும் உலர்ந்த கிளை கையொப்பம் என்றால், வாசலில் வேர்விடும் குச்சி கையொப்பமிட்ட ஆளேதான். அதை வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது என்ன என்று தெரியாது. அதைத் தெரிந்திருந்தவர்கள் பலரிடம் அது இல்லை.

குச்சி வைப்பதை ஆயாவிடம்தான் கற்றேன். பிறகு தோட்டக்கலைக் கையேடுகளில் படித்தது எல்லாம் அவர் சொன்னதற்கு விளக்கவுரைபோல் இருந்தது. பூத்து ஓய்ந்த கிளையாக இருக்க வேண்டும். பச்சைக் கொழுந்தும் கூடாது, முற்றிய கட்டையும் கூடாது. பென்சில் கனம், ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு. அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டு, ஏனென்றால் வேர் பெரும்பாலும் கணுவைச் சுற்றித்தான் புறப்படும். மேல் வெட்டு நேராக. அதன்மேல் சாணி உருண்டை, உள்ளீரம் காயாமல் இருக்க. இலைகளைக் கிள்ளிவிட வேண்டும், மேலே ஒன்றிரண்டு இருக்கலாம். இரண்டு கணு மண்ணுக்குள் போகட்டும். மணல் கலந்த மண், நிழல், விடாத ஈரம், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. காலம் ஐப்பசி. கிளையை ஒடிக்க மனமில்லை என்றால் அதை வளைத்து நடுவில் மண் போட்டுப் பதியம் வைக்கலாம். வேர் பிடித்த பிறகு வெட்டிக்கொள்ளலாம். எந்தக் குச்சியையும் தலைகீழாக நடக் கூடாது என்பதை மட்டும் அவர் இரண்டு தடவை சொன்னார்.

பத்துக் குச்சி கொடுத்தார். குவார்ட்டர்ஸ் பின்பக்கம் வைத்தேன். பன்னிரண்டாம் நாள் எட்டுக் குச்சிகளில் சிவந்த துளிர். அடுத்த தடவை பென்ஷன் வாங்க வந்தபோது சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “அது குச்சில இருக்கற பால்ல வர்ற துளிரு சார். வேர் உட்ருச்சான்னு இப்பத் தெரியாது” என்றார். அப்படித்தான் ஆயிற்று. குச்சிக்குள் சேமித்திருந்த சத்து தீர்ந்ததும் ஆறு கறுத்துச் சாய்ந்தன. மிச்சம் நான்கு நின்றன. துளிர் விடாமல் சும்மா நின்ற இரண்டு குச்சிகளில் ஒன்று அந்த நான்கில் சேர்த்தி. சந்தேகத்தில் பிடுங்கிப் பார்க்கலாமா என்று கை பலமுறை போயிற்று. பிடுங்கிப் பார்த்தால் வேர் அறும். தாய்க்கிளையிலிருந்து கொண்டுவந்த பாலில் விட்ட துளிரையும், தன் வேரில் எடுத்த நீரில் விட்ட துளிரையும் முதல் மாதத்தில் கண்ணால் பிரித்தறிய முடியாது. முதல் தொகுப்புகளுக்கு மதிப்புரை எழுதுகிறவர்கள் கொஞ்சம் காத்திருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

நர்சரியில் விற்பது பெரும்பாலும் ஒட்டுச் செடி. வலுவான ஒரு ரோஜாவின் வேர்க்கட்டையில், அழகான வேறொன்றின் மொட்டைச் செருகிக் கட்டிவிடுகிறார்கள். அதில் தவறில்லை, விரைவாக வளரும், பூ பெரிதாக வரும். இரண்டு மூன்று வருஷத்தில் கட்டுக்குக் கீழேயிருந்து ஒரு கிளை வேகமாக ஏறும். அது வேர்க்கட்டையின் சொந்தக் கிளை. வெட்டாமல் விட்டால் மேலே உள்ளதைப் பட்டினி போட்டுக் கொன்றுவிடும். வீட்டுக்காரர்களோ “சிவப்பு ரோஜா வெள்ளையாக மாறிவிட்டது” என்பார்கள். மாறவில்லை. வாங்கியது செத்துவிட்டது, தாங்கியது பிழைத்துக்கொண்டது. நம்மிடையே ஐம்பது அறுபது வருஷமாக நடந்த இலக்கிய ஒட்டுவேலைகளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வேலையை வாசகர்களுக்கே விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்லலாம். ஒட்டு பிடித்ததா என்பதை மேலே பூத்த பூவை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது, கட்டுக்குக் கீழே குனிந்து பார்க்க வேண்டும்.

விதையை நான் தாழ்த்திச் சொல்லவில்லை. குச்சி காப்பாற்றும், புதிதாக எதையும் தராது. கொடைக்கானலில் வீரராகவன், கிரிஜா தம்பதி நாற்பது வருஷத்துக்கு மேலாகச் செய்துவருவது விதையின் காரியம். ஐரோப்பாவின் குளிருக்காக உருவான ரோஜாக்களை நம் வெயிலில் போட்டு வதைப்பானேன் என்று அவர்கள் இந்தியக் காட்டு இனங்களிடம் போனார்கள். ஒன்று ரோசா க்ளினோஃபில்லா. வங்காளம், பீகார்ப் பக்கம் மழைக்காலத்து நீரில் வேர் மூழ்கிக் கிடந்தும் சாகாதது. இன்னொன்று ரோசா ஜைகான்டியா; 1882ல் மணிப்பூரில் ஜார்ஜ் வாட் கண்டது, மரங்களின்மேல் ஏறிப் பூப்பது. இவற்றைத் தோட்ட ரோஜாக்களோடு கலந்து, விதை முளைக்கவைத்து, பெரும்பாலானதைத் தள்ளி, சிலதை வைத்துக்கொண்டார்கள். அவற்றில் ஒன்றுக்குத் தாவர விஞ்ஞானி ஈ. கே. ஜானகி அம்மாளின் பெயர். இன்னொன்றின் பெயர் கோல்டன் த்ரெஷோல்ட். சரோஜினி நாயுடுவின் 1905ஆம் வருஷக் கவிதைத் தொகுப்பின் பெயர் அது. புதிதாகப் படைக்க நினைத்தவர்கள் முதலில் காட்டிலே நிற்பதைத் தேடிப் போய்ப் பார்த்தார்கள் என்பது நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

பெயருக்கு வருகிறேன். பெர்முடாவில் 1954லிருந்து ஒரு ரோஜா சங்கம் இருக்கிறது. அந்தத் தீவின் பழைய வீடுகளிலும் தோட்டங்களிலும் பெயர் தொலைந்த ரோஜாக்கள் நிறைய. அவர்கள் அவற்றை ‘மர்ம ரோஜாக்கள்’ என்று ஒப்புக்கொண்டுவிட்டு, கிடைத்த இடத்தின் பெயரையோ, வைத்திருந்தவரின் பெயரையோ தற்காலிகமாக வைத்துக் குச்சி போட்டுப் பெருக்குகிறார்கள். பழைய ரோஜா சேகரிப்பவர்களிடையே ஒரு நல்ல வழக்கம் உண்டு. அப்படிப்பட்ட பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள்தான் எழுதுவார்கள். இது இன்னும் நிரூபணம் ஆகவில்லை, செடி மட்டும் உயிரோடு இருக்கிறது என்பது அதன் அர்த்தம். உண்மையான பெயர் என்றாவது கிடைத்தால் மேற்கோளை எடுத்துவிடலாம்.

நம் விமர்சனத்தில் இந்த மேற்கோள் குறி இல்லாமல் போயிற்று. எழுபதுகளில் இருத்தலியம், தொண்ணூறுகளில் பின்நவீனத்துவம் என்று கையில் இருந்த சீட்டைக் கிடைத்த கிளையில் எல்லாம் கட்டினோம். சூல்தண்டு ஒட்டியிருக்கிறதா தனித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தவர்கள் குறைவு. சீட்டு கட்டிய பிறகு அந்தக் கவிதையை யாரும் நட்டு வளர்க்கவில்லை. பெயர் தெரிந்துவிட்டது, காரியம் முடிந்துவிட்டது!

பெயரே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. இந்த மலையிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. இங்கே சாமைக்கு எத்தனை பெயர்கள்: வெள்ளைப் பெருஞ்சாமை, சடஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை. ஒவ்வொன்றுக்கும் வயது வேறு, நிலம் வேறு, ருசி வேறு. அந்த வேறுபாடெல்லாம் பெயருக்குள் இருந்தது. பிறகு சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி மேலே ஏறியது. காசு தந்தது, யாரையும் குறை சொல்ல முடியாது. சாமை வயல் சுருங்கியது. பெயர் தெரிந்த கிழவர்கள் இருந்தார்கள், விதை குறைந்துகொண்டே போயிற்று. 1990களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இங்கே வந்து ரகங்களைப் பதிவு செய்ததோடு நிற்காமல், ஊர்களில் விதை வங்கிகள் ஏற்படுத்தி மறுபடி விதைக்கவைத்தார்கள். வாங்கிய விதையை அறுவடைக்குப் பின் கொஞ்சம் கூட்டித் திருப்ப வேண்டும். எங்கள் வங்கியின் வட்டிக் கணக்கைவிட எனக்கு அது சுலபமாகப் புரிகிறது. பெயர் இருந்தும் நடாததால் போனது உண்டு. பெயரில்லாமல் நட்டதால் நின்றது உண்டு. இரண்டும் சேர்ந்தால் நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால் நடுவது முதலில்.

எனக்கு வேர் பிடித்த நான்கில் ஒன்று ராசிபுரத்தில் ஒரு நண்பர் வீட்டில் இருக்கிறது, ஒன்று சேந்தமங்கலத்தில், ஒன்று நாமக்கல்லில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியரிடம். நான்காவது என் குவார்ட்டர்ஸில். நாலு இடத்திலும் அட்டையில் இரட்டை மேற்கோளுக்குள் “செம்மேட்டு வாசல்” என்று எழுதியிருக்கிறேன். கீழே சின்ன எழுத்தில்: எட்வர்டாக இருக்கலாம்.

சென்ற வருஷம் ஆயாவின் பிள்ளைகள் ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டுத் தார்சு வீடு கட்டினார்கள். நல்ல வீடு, மழைக்கு ஒழுகாது. மணல் கொட்டிய இடம் ரோஜா நின்ற இடம். ஐப்பசிப் பிறப்பில் அவர் கவுன்ட்டருக்கு வந்து கைநாட்டு வைத்தார், பணத்தை எண்ணி முடிந்தார். பிறகு கேட்டார்: “அன்னிக்குக் குடுத்த ரோசாக் குச்சி புடிச்சுதா சார்? புடிச்சிருந்தா நாலு குச்சி குடுங்க. எம்பேத்தி எடுத்துக்கிட்டுப் போறேங்கறா, அவ புருசன் ஊட்டுக்கு.”

சாயங்காலம் ஆறு குச்சி வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, வாழைப்பட்டையால் கட்டிக் கொடுத்தேன். அட்டையையும் எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் குச்சியின் அடிவெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெட்டு சரியாக இருக்கிறது என்றார்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது மண் இருந்தால் அடுத்த ஐப்பசிக்கு முன் மலைக்கு வரலாம். குச்சி தருகிறேன்.